ஈரக் காற்றும் சிமெண்ட் தளமும்

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. கொல்லைப்புறத்திலோ முன்வாசலிலோ உட்காரவும், துணி உலர்த்தவும், பிள்ளைகள் விளையாடவும் ஒரு சிமெண்ட் தளம் போட நினைப்பவர்கள் மனத்தில் முதலில் பதிய வேண்டிய செய்தி இது. காரணம், தளம் போடும் வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. கலவையில் அதிகம் ஊற்றுகிறோம். இறுகும் நாள்களில் குறைவாக விடுகிறோம். இறுகிய பிறகு அது வடிய வழி வைக்க மறந்துவிடுகிறோம்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கரையோர ஊர்களில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். கார்த்திகை மாதத்தில் கொடியில் போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே தொங்கும். உப்பு ஜாடி தானாகக் கசியும். "காத்துலயே இவ்வளவு ஈரம் இருக்கு, தளத்துக்கு வேற தண்ணி விடணுமா மேஸ்திரி?" என்று வீட்டுக்காரர் கேட்பது இயல்புதான். விடணும். ஏன் என்பதற்கான விடை சிமெண்டின் வேதியியலிலும், வெயிலில் சூடான ஒரு தளத்தின் மேல் காற்று நடந்துகொள்ளும் விதத்திலும் இருக்கிறது.

இறுகுவது எப்படி

1824ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் மூட்டையில் வாங்கும் சிமெண்ட் அதன் வழிவந்தது. அதில் பாதிக்கு மேல் இருப்பது டிரைகால்சியம் சிலிகேட் என்ற சேர்மம். தண்ணீர் பட்டதும் அது கரைந்து, கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற மிக நுண்ணிய பிசினாக மாறி, மணலையும் ஜல்லியையும் கட்டிப்பிடிக்கிறது. கூடவே சுண்ணாம்பும் வெளிவருகிறது. இந்த வினைக்கு நீரேற்றம் என்று பெயர்.

சிமெண்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு நீர் வேதியியல் முறையில் அதனுடன் பிணைந்துவிடுகிறது. பிசினின் நுண்துளைகளில் அடைபடும் நீரையும் சேர்த்தால் சுமார் 0.42 பங்கு வேண்டும். அதாவது 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 21 லிட்டர். வினை முழுமையடைய இவ்வளவு நீர் உள்ளேயே தங்கியிருக்க வேண்டும். பாதியில் ஆவியாகிப் போய்விடக் கூடாது.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் சிமெண்ட் சங்கத்தில் பணியாற்றிய டி.சி. பவர்ஸ் 1940களில் ஒரு முக்கியமான எல்லையைக் கண்டறிந்தார். கான்கிரீட்டின் துளைகளுக்குள் ஈரப்பதம் சுமார் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நீரேற்றம் ஏறக்குறைய நின்றுபோகிறது. சிமெண்ட் மிச்சமிருந்தாலும் அது வெறும் தூளாக உள்ளே கிடக்கும்.

கரையோரக் காற்றே அந்த 80 விழுக்காட்டைத் தராதா? விடியற்காலையில் தரும். நண்பகலில் நிலைமை வேறு. காற்று 33 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்; சென்னைவாசிக்குச் சட்டை முதுகில் ஒட்டும் பகல்பொழுது அது. நேர் வெயிலில் கிடக்கும் தளத்தின் மேற்பரப்பு 50 டிகிரியை எட்டுவது சாதாரணம். காற்று சூடானால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு வெகுவாகக் கூடுகிறது. ஆகவே அதே காற்று தளத்தைத் தொட்டு 50 டிகிரிக்குச் சூடாகும் இடத்தில் அதன் ஈரப்பதம் 25 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. நமக்குப் புழுக்கமாகத் தெரியும் காற்று, தளத்துக்கு வறண்ட காற்றாக இருக்கிறது.

எந்த மாதம், எந்த நேரம்

புதிதாகப் போட்ட கான்கிரீட்டின் மேற்பரப்பிலிருந்து சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் நீர் ஆவியானால், அது கெட்டிப்படும் முன்பே மெல்லிய விரிசல்கள் ஓடத் தொடங்கும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் எச்சரிக்கைக் கோடு. கலவையின் சூடு, காற்றின் சூடு, ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகிய நான்கும் சேர்ந்து இந்த அளவைத் தீர்மானிக்கின்றன.

இரண்டு நாள்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோடைப் பிற்பகல்: காற்று 33 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு, வெயிலில் கிடந்த ஜல்லியால் கலவையின் சூடு 35 டிகிரி, கடற்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர். இந்த நிலையில் ஆவியாகும் அளவு ஏறக்குறைய 1.1 கிலோ. நம் எடுத்துக்காட்டான பத்தடிக்குப் பன்னிரண்டடித் தளத்தின் பரப்பு 11 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம் என்பதால், ஒரு மணி நேரத்தில் ஒரு குடம் தண்ணீர் பறந்துவிடுகிறது. ஈரமான, அமைதியான ஒரு காலை: காற்று 29 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு, கலவை 30 டிகிரி, காற்று மணிக்கு 5 கிலோமீட்டர். ஆவியாவது 0.14 கிலோ, மொத்தத் தளத்துக்கும் ஒன்றரை லிட்டர்தான். ஒரே ஊர், ஒரே தளம், எட்டு மடங்கு வித்தியாசம். இதில் காற்றின் வேகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கடற்காற்று எழும் பிற்பகலில் கான்கிரீட் போடுவதைத் தவிர்த்து, வெயில் ஏறும் முன்பே போட்டு முடிக்க வேண்டும் என்று அனுபவமுள்ள மேஸ்திரிகள் சொல்வதன் அறிவியல் இதுதான். ஜல்லிக் குவியலை நிழலில் வைத்து, முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்துவைத்தால் கலவையின் சூடும் குறையும்.

மாதத்தைப் பொறுத்தவரை, சென்னைக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. அந்த மூன்று மாதங்களில் தளம் போடுவது வானத்தோடு பந்தயம் கட்டுவதற்குச் சமம். அக்கினி நட்சத்திரமும் ஏற்றதல்ல. தை பிறந்ததிலிருந்து பங்குனிவரை உள்ள காலமே கரையோரத்துக்கு உகந்தது.

முதலில் மண்

சென்னை ஒரே மண் கொண்ட ஊர் அல்ல. திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் பக்கம் மணற்பாங்கு. தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் பகுதிகளில் களிமண். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை. மணலில் தண்ணீர் தானாக இறங்கிவிடும். களிமண் அப்படியல்ல. மழையில் ஊதி, கோடையில் சுருங்கி, மேலே கிடக்கும் தளத்தை ஆண்டுக்கு ஒருமுறை தூக்கி இறக்கும். தளத்தின் ஆயுளை இந்த அசைவே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

எனவே புல், வேர், தென்னை மட்டைத் துண்டு என்று மக்கக்கூடிய எதுவும் மிச்சமில்லாமல் மேல்மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். அவை பின்னால் மக்கும்போது அடியில் வெற்றிடம் விழும். அடிமண்ணைத் திம்மிசு போட்டு இறுக்கி, அதன்மேல் நாலு இன்ச் கனத்துக்கு ஒன்றரை இன்ச் ஜல்லி பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து மறுபடி திம்மிசு போட வேண்டும். களிமண் நிலத்தில் இந்த அடுக்கு ஆறு இன்ச் இருப்பது நல்லது. இந்த ஜல்லிப் படுகை இரண்டு வேலை செய்கிறது: எடையைப் பரப்பித் தாங்குகிறது, மண்ணிலிருந்து நுண்துளைகள் வழியே மேலேறும் ஈரத்தைத் தடுக்கிறது. ஜல்லிகளுக்கு இடையிலுள்ள இடைவெளி பெரியதாக இருப்பதால் நீர் அதில் தொற்றி ஏற முடிவதில்லை.

அடுத்தது வாட்டம். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாக ஓர் அடிக்குக் கால் இன்ச் இறக்கம் வேண்டும். பத்தடிக்கு இரண்டரை இன்ச். ஜல்லிப் படுகையிலேயே இந்த வாட்டத்தைக் கொண்டுவந்துவிட வேண்டும். டியூப் லெவல் பிடித்து நாலு மூலையிலும் முளையடித்து, நூல் கட்டிப் பார்த்தால் அரை மணி நேர வேலை. இந்த அரை மணி நேரத்தைச் சேமித்தவர்கள் ஒவ்வொரு மழைக்கும் துடைப்பத்தோடு நிற்கிறார்கள்.

வடியும் நீரின் அளவைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. நூறு மில்லிமீட்டர் மழை பெய்தால் 120 சதுர அடித் தளத்தில் விழுவது 1,100 லிட்டருக்கு மேல். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்தக் கணக்குக்கு இதே சிறிய தளத்தில் விழுந்திருக்கக்கூடிய நீர் 5,400 லிட்டருக்கும் மேல். முன்பு மண் குடித்த நீர் அது. கான்கிரீட் போட்டபின் அது எங்காவது போயாக வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். தளத்தின் தாழ்ந்த ஓரத்தில் கூழாங்கல் நிரப்பிய ஒரு கால்வாயை வெட்டி, அதைக் கசிவுநீர்க் குழியில் சேர்த்துவிட்டால் அந்த நீர் நிலத்தடிக்கே திரும்பும். மரங்கள் இருந்தால் அடிமரத்தைச் சுற்றி மூன்றடியாவது மண்ணை மண்ணாகவே விட்டுவைக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு சதுர அடிகூடக் கான்கிரீட் போடாமல் இருப்பது வீட்டுக்கும் தெருவுக்கும் நாம் செய்யும் நன்மை.

கலவையும் கணக்கும்

ஆள் நடமாடும் தளத்துக்கு நாலு இன்ச் கனம் போதும். கார் ஏறுமானால் ஆறு இன்ச் வேண்டும். நாலு இன்ச் என்றால் 120 சதுர அடிக்கு 40 கன அடி கான்கிரீட், அதாவது 1.13 கன மீட்டர். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என்று வகைப்படுத்துகிறது. அங்கே கம்பியில்லாத கான்கிரீட்டுக்கும் குறைந்தது எம்-20 தரமும், சிமெண்டின் எடையில் பாதிக்கு மிகாத தண்ணீரும் வேண்டும் என்கிறது. எம்-20 என்பது வழக்கில் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று: சிமெண்ட் ஒரு பங்கு, எம்-சாண்ட் அல்லது ஆற்று மணல் ஒன்றரைப் பங்கு, முக்கால் ஜல்லி மூன்று பங்கு. நம் தளத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மூட்டை சிமெண்ட் ஆகும். மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர்.

இந்த 25 லிட்டரில்தான் தளத்தின் தலைவிதி இருக்கிறது. சிகாகோவின் லூயிஸ் கல்விநிலையத்தில் டஃப் ஆப்ராம்ஸ் என்ற பேராசிரியர் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து 1918இல் ஓர் உண்மையை வெளியிட்டார். நல்ல பொருள்களைக் கொண்டு, வேலை செய்யத்தக்க கலவையாகப் போட்டால், கான்கிரீட்டின் வலிமையை நிர்ணயிப்பது சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம். கலவை தளர்வாக ஓடட்டும் என்று மூட்டைக்குப் பத்து லிட்டர் கூடுதலாக ஊற்றினால் என்ன ஆகும்? விகிதம் 0.5இலிருந்து 0.7க்குப் போகிறது. ஆப்ராம்ஸின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் வலிமையில் ஏறக்குறைய 45 விழுக்காடு காணாமல் போகிறது. சிமெண்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதியைத் தண்ணீரில் கரைத்துவிட்டதாக அர்த்தம். வினையில் பங்கேற்காத அந்த உபரி நீர் பின்னால் வெளியேறும்போது விட்டுச்செல்லும் துளைகள்தான் வலிமையைக் குறைக்கின்றன; மழைநீரையும் கடற்காற்றின் உப்பையும் உள்ளே விடுவதும் அதே துளைகள்தான்.

ஈரமான ஊரில் தண்ணீர் இன்னொரு வழியிலும் கலவைக்குள் நுழைகிறது. மழைக்குப் பின் வந்திறங்கும் மணலில் எடையில் ஐந்து விழுக்காடு நீர் இருப்பது சகஜம். ஒரு மூட்டைக்கான மணல் சுமார் 80 கிலோ. அதில் ஒளிந்திருப்பது நான்கு லிட்டர். அதை 25இல் கழிக்காவிட்டால் கணக்கு தவறும்.

ஈர மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு. மணல் துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டு அவற்றை விலக்கி வைப்பதால், மணல் உப்பிப் பெருத்துக் காட்டும். ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்து ஈர மணலை இறுக்காமல் நிரப்பி, உயரத்தைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு மணல் முழுகத் தண்ணீர் ஊற்றி ஒரு குச்சியால் கிளறிவிட்டால், மணல் கண்ணெதிரே கீழே அமிழும். பத்து சென்டிமீட்டர் நின்ற மணல் எட்டுக்கு வந்தால், உப்பல் 25 விழுக்காடு என்று பொருள். பாண்டு எண்ணிக்கையில் மணல் போடும்போது அந்த அளவுக்குக் கூடுதலாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் கலவையில் மணல் குறைந்து, ஜல்லி தனியே துருத்திக்கொண்டு நிற்கும்.

சிமெண்டையும் ஈரக்காற்று விட்டுவைப்பதில்லை. மூட்டைக்குள் புகும் ஈரத்தோடு சேர்ந்து அது அங்கேயே மெல்ல இறுகத் தொடங்குகிறது. மூட்டையின் மேல் அடைக்கப்பட்ட வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்க வேண்டும். மூன்று மாதம் கடந்த மூட்டையைத் தவிர்க்க வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று நாள் வைப்பதானாலும் தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, தார்ப்பாயால் மூட வேண்டும். நல்ல சிமெண்டுக்குள் கைவிட்டால் குளுமையாக இருக்கும். விரலில் தேய்த்தால் மாவாக வழுக்கும். நெருடினாலோ, விரலால் நசுக்கியும் உடையாத கட்டிகள் அகப்பட்டாலோ அந்த மூட்டை தளத்துக்கு உதவாது.

எந்த சிமெண்ட்? அனல்மின் நிலையங்களின் உலைச்சாம்பல் கலந்த பி.பி.சி. கரையோரத்துக்கு ஏற்றது. சிமெண்டிலிருந்து வெளிவரும் சுண்ணாம்போடு சாம்பல் வினைபுரிந்து மேலும் பிசினை உண்டாக்குவதால் துளைகள் அடைபடுகின்றன. அதன் வேகம் மட்டும் குறைவு. ஆகவே கூடுதல் நாள் தண்ணீர் காட்ட வேண்டும்.

கலவைக்கான நீரிலும் கவனம் தேவை. கடற்கரையை ஒட்டிய பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கிறது. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரை குளோரைடை ஐ.எஸ். 456 அனுமதிக்கிறது, கம்பி போட்டால் எல்லை 500தான். இரும்பு துருப்பிடித்தால் அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும் என்பதே காரணம். ஆள் நடக்கும் சிறு தளத்துக்குக் கம்பியே தேவையில்லை. சரியான இடைவெளியில் வெட்டுகள் போட்டாலே போதும்.

போடும் நாள்

சட்டப் பலகைகள் கட்டி, ஜல்லிப் படுகையை நனைத்து, தேங்கிய நீர் இல்லாமல் பார்த்துக்கொண்ட பிறகு கலவையைக் கொட்டலாம். வீட்டுச் சுவருக்கும் தளத்துக்கும் இடையில் அரை இன்ச் தெர்மோகோலோ தார் அட்டையோ நிறுத்த வேண்டும். வீடு தன் அஸ்திவாரத்தில் நிற்கிறது, தளம் மண்ணில் கிடக்கிறது. இரண்டும் தனித்தனியே அசையும். அவற்றை ஒட்டவைத்தால் விரிசல் நிச்சயம்.

மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்ததும், சற்று நேரத்தில் மேற்பரப்பில் ஒரு நீர்ப்பளபளப்பு ஏறும். கனமான ஜல்லியும் மணலும் கீழே அமர, தண்ணீர் மேலே கசிந்து வருவதால் ஏற்படும் பளபளப்பு அது. வறண்ட ஊரில் இந்த நீர் விரைவாக ஆவியாகிவிடும். ஈரக்காற்றுள்ள அமைதியான காலையிலோ அது ஒரு மணி, இரண்டு மணி என்று அப்படியே நிற்கும். பொறுமை இழக்கும் இடம் இதுதான். கரணையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். நீரை உறிஞ்சட்டும் என்று உலர்ந்த சிமெண்டைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவி மெழுகுவதும் பரவலான வழக்கம். இரண்டுமே தவறு. மேலே நின்ற நீரைத் தேய்த்து உள்ளே சேர்த்தால், சரியாக நாம் நடக்கும் அந்த மேல்தோலில் நீர் விகிதம் கூடிவிடும். தூவிய சிமெண்டோ தனித் தோலாக நின்று, மயிரிழை விரிசல் விட்டு, நாளடைவில் பெயர்ந்து வரும். ஆறே மாதத்தில் பெருக்கப் பெருக்கத் தூள் வரும் தளங்களின் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நீர் தானாக மறையும்வரை காத்திருக்க வேண்டும். அவசரமென்றால் ஒரு ரப்பர் குழாயைத் தளத்தின் மேல் வாட்டத்தோடு இழுத்து நீரை ஓரத்துக்குத் தள்ளலாம். தளத்தில் கால் வைத்தால் கால் இன்ச் அளவே தடம் விழும் பதம் வந்ததும் மரக் கரணையால் தேய்க்கலாம்.

வழவழப்பாக இழைத்து முடிப்பது வெளித்தளத்துக்கு ஆபத்து. மழை பெய்தால் வழுக்கும். பாசி பிடித்தால் இன்னும் மோசம். தேய்த்து முடித்த கையோடு மெல்லிய துடைப்பத்தை வாட்டத்தின் திசையில் ஒரே சீராக இழுத்துவிட்டால் நுண்ணிய வரிகள் விழும். கால் பிடிக்கும், நீரும் வழிந்தோடும். வாசல் தளமானால் கோலமாவும் அதில் நன்றாகப் பிடிக்கும்.

இறுகிய கான்கிரீட் வறளும்போது சுருங்கும். பன்னிரண்டடி நீளத்தில் இந்தச் சுருக்கம் ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் வரை போகலாம். விரிசலைத் தடுக்க முடியாது; ஆனால் அது எங்கே விழ வேண்டும் என்று நாம் தீர்மானிக்கலாம். நம் தளத்தைச் சிலுவைக் கோடாக நாலு கட்டங்களாகப் பிரித்து, தளத்தின் கனத்தில் கால் பங்கான ஒரு இன்ச் ஆழத்துக்கு வெட்டு போட வேண்டும். ஈரக் கலவையிலேயே பட்டிக்கருவியால் கோடு இழுக்கலாம். அல்லது ரம்பத்தால் அன்றே அல்லது மறுநாள் காலைக்குள் வெட்டிவிடலாம். அதற்கு மேல் தாமதித்தால் கான்கிரீட் தன் விருப்பப்படி வெடித்திருக்கும்.

இடையில் மழை வந்தால்? தார்ப்பாயைத் தளத்தின் மேல் படாமல், சுற்றிலும் செங்கல் வைத்து அதன்மேல் கழிகளைக் கிடத்தி விரிக்க வேண்டும். விழுந்த மழைநீரைக் கரணையால் தேய்த்துவிடக் கூடாது. ஓரமாக வடித்துவிட வேண்டும்.

தண்ணீர் காட்டும் நாள்கள்

சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாள், சூடும் வறட்சியும் உள்ள காலத்தில் அவை முறையே பத்தும் பதினான்கும் என்பது ஐ.எஸ். 456 சொல்லும் அளவு. மொட்டைமாடியில் செய்வதுபோல் பாத்தி கட்டி நீர் நிறுத்துவது வாட்டமுள்ள தளத்தில் சற்றுச் சிரமம். பத்தடியில் இரண்டரை இன்ச் இறக்கம் இருக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமே சேரும். அதனால் ஈரச் சாக்கை விரித்து, அதன்மேல் பாலிதீன் ஷீட்டைப் போர்த்தி, ஓரங்களில் செங்கல் வைப்பது எளிது. காலையும் மாலையும் சாக்கு நனைந்திருக்கிறதா என்று தூக்கிப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் காயவிட்டு மாலையில் மட்டும் குழாயைப் பிடிப்பதில் பயன் குறைவு. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் மேற்பரப்பில் விரிசல்தான் கூடும்.

இந்த ஈரத்துக்கு என்ன பலன்? தொடர்ந்து ஈரத்தில் வைத்த கான்கிரீட்டோடு ஒப்பிட்டால், போட்ட நாளிலிருந்தே காற்றில் விடப்பட்ட கான்கிரீட் ஏறக்குறையப் பாதி வலிமையையே அடைகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1910ஆம் ஆண்டு வார்த்த கான்கிரீட் உருளைகளைத் திறந்தவெளியில் மழையிலும் பனியிலும் வைத்து, ஐம்பது ஆண்டுகள் வரை உடைத்துச் சோதித்தார்கள். அரை நூற்றாண்டு முழுவதும் அவற்றின் வலிமை ஏறிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்துச் சிமெண்ட் கரடுமுரடாக அரைக்கப்பட்டது. உள்ளே மெதுவாக வினைபுரிய நிறைய மிச்சம் இருந்தது. இன்றைய சிமெண்ட் மாவாக அரைபடுவதால் தன் வலிமையில் பெரும்பகுதியை முதல் சில வாரங்களிலேயே எட்டிவிடுகிறது. அதனாலேயே இன்று அந்த முதல் வாரங்களின் ஈரம் முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

பாசியும் வெண்பூச்சும்

புதுத் தளத்தில் சில வாரங்களில் வெள்ளையாகப் பூத்தால் பயப்பட வேண்டாம். உள்ளிருக்கும் சுண்ணாம்பு நீரோடு மேலே வந்து, காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. நார்த் துடைப்பத்தால் உலரத் தேய்த்தால் போகும். பல மாதங்களுக்குப் பிறகும் தொடர்ந்து பூத்தால் அடியில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம்; வடிகாலைப் பார்க்க வேண்டும்.

பாசி கதை வேறு. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். அளவில் 12க்கு மேல் இருப்பதால் முதலில் எந்தப் பாசியும் அண்டாது. அதே கரியமில வாயு மேல்தோலின் காரத்தை மெல்ல மெல்லக் குறைத்து, 9க்குக் கீழே கொண்டுவந்ததும் பாசியும் நீலப்பச்சைக் கிருமிகளும் குடியேறுகின்றன. சுவரின் வடக்குப் பக்கம், மரநிழல், பூந்தொட்டியின் அடி ஆகிய இடங்களில் தொடங்கும். ஒரு பக்கம் ஈரம் காயாமல் கிடப்பதைத் தவிர்த்தாலே பாதிப் பாசி குறையும். மிச்சத்துக்கு பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து, கால் மணி நேரம் விட்டு, தேய்த்து நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். அமிலம் ஊற்றிக் கழுவுவது கூடாது. பாசியோடு சிமெண்டையும் அது கரைத்து, அடுத்த முறை பாசி பற்றிக்கொள்ளச் சொரசொரப்பான குழிகளை ஏற்படுத்திவிடும்.

தளத்தின் மேல் டைல்ஸ் ஒட்டவோ பெயிண்ட் அடிக்கவோ எண்ணுபவர்கள் 28 நாளில் கான்கிரீட் தயார் என்று நம்பிவிடக் கூடாது. 28 நாள் என்பது வலிமையை அளக்கும் கணக்கு. ஈரம் வெளியேறும் கணக்கு வேறு. ஈரக்காற்றுள்ள ஊரில் நாலு இன்ச் தளம் உலரப் பல மாதங்கள் ஆகும். அரை மீட்டர் சதுரமுள்ள பாலிதீன் துண்டைத் தளத்தில் விரித்து நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப்புகாமல் ஒட்டி, ஒரு பகலும் இரவும் விட்டு எடுத்துப் பார்க்கலாம். ஷீட்டின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, மூடிய இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தாலோ பெயிண்ட் கொப்புளிக்கும், டைல்ஸ் பெயரும். சில வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். தையில் போட்ட தளத்தை மாசி, பங்குனி, சித்திரை என்று வெயிலில் காயவிட்டு, இந்தச் சோதனையில் தேறிய பிறகு ஆனியில் மேல்வேலையைத் தொடங்கினால், ஐப்பசி மழைக்குள் எல்லாம் முடிந்திருக்கும்.